தமிழகத்தில் கிரேக்க மெய்ப்பொருட் கல்வி: மயிலை முதல் தாம்பரம் வரை

யவனர்க்கும் தமிழர்க்கும் பண்டைநாளில் நிலவிய வாணிகத் தொடர்பினைப் பற்றி அறிஞர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். முசிறியில் வந்திறங்கிய பொன்னும், ஆண்டிருந்து கலமேறிய மிளகும், அரசர் அருந்திய யவனத் தேறலும், பாவை ஏந்திய விளக்கும், பாசறையிற் காவல் பூண்ட யவன வீரரும் சங்க நூல் பயில்வார் யாவரும் அறிந்த செய்திகளாம். 1945இல் வீலர் அரிக்கமேட்டில் நிகழ்த்திய அகழாய்வும், 1985இல் அச்சில் வெளிவந்த முசிறிக் கடனொப்பந்தச் சுவடியும் இவற்றிற்கு அரண் செய்தன. தாலமியின் நிலநூல் குறிக்கும் மலியார்பா என்னும் துறை மயிலாப்பூரே என்பது பலர் துணிபு. இத்துணைச் சான்றுகளுக்கிடையே ஒரு வினாவினை மட்டும் நம்மவர் பெரும்பாலும் எழுப்பாது விட்டனர். பண்டம் வந்தது; பண்டம் கொணர்ந்தார் நாட்டு மெய்ப்பொருட் கருத்தும் உடன் வந்ததோ?

இவ்வினாவிற்கு விடை தேடுவார் மணிமேகலையை நாடுதல் தகும். அக்காப்பியத்தின் பத்தொன்பதாம் காதையில் புகார் நகரத்து மண்டபம் அமைத்தோரைக் கூறுமிடத்து, மகதம், அவந்தி முதலிய நாட்டுத் தொழிலாளரோடு யவன நாட்டுத் தச்சரும் எண்ணப்படுகின்றனர். அதே காப்பியத்தின் இருபத்தேழாம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரத்தே சமயக் கணக்கரைக் கண்டு அவரவர் கொள்கையினைக் கேட்கின்றாள். அளவைவாதி முதலாகப் பூதவாதி ஈறாகப் பலர் தத்தம் திறம் உரைக்கின்றனர். அவருள் யவனர் ஒருவரேனும் இலர். வஞ்சி சேரர் தலைநகர். முசிறி சேரர் துறைமுகம். யவனர் நடமாட்டம் மிக்க நாட்டின் நகரிலேயே யவனக் கணக்கர் ஒருவரையும் சாத்தனார் நிறுத்தவில்லை. தச்சரை மறவாத புலவர் தத்துவரை மறந்தார் என்றல் பொருந்துமா? கூறாமையைச் சான்றாகக் கொள்ளுதல் ஆய்வாளர்க்கு அஞ்சத்தக்கதொன்று என்பதனை யாமும் அறிவோம். எனினும் ஒரே நூல் ஓரிடத்துக் கூறியும் மற்றோரிடத்துக் கூறாதும் செல்லுமிடத்து அம்மௌனத்திற்குச் சிறிது எடையுண்டு.

கிரேக்கர் பக்கத்தே நோக்கினும் நிலைமை இதுவே. ஏதென்சு நகரில் இந்தியர் ஒருவர் சாக்ரட்டீஸைக் கண்டு, தெய்வத்தை அறியாது மனிதனை அறிதல் இயலுமோ என்று நகைத்தாரென அரிஸ்டாக்சினஸ் உரைத்ததாக ஒரு கதை யூசிபியஸின் நூல்வழி நமக்குக் கிடைத்துள்ளது. பிளாட்டினஸ் இந்தியரின் மெய்யறிவினை நேரிற் கற்கும் வேட்கையால் கி.பி. 243இல் கோர்டியன் மன்னனின் பாரசீகப் படையெடுப்பிற் கலந்துகொண்டு, மன்னன் மாண்டமையின் உயிர்தப்பி அந்தியோக்கியாவிற்கு மீண்ட வரலாற்றினை அவர் மாணவர் போர்பிரி எழுதிவைத்துள்ளார். இவை சுவை மிக்க செய்திகளே. ஆனால் இவற்றிலிருந்து தமிழகத்திற்கு ஒரு நூலிழையும் நீளவில்லை. கிரேக்கத் தத்துவம் தமிழ்நாட்டிற்கு யவனர் மரக்கலத்தில் வரவில்லை என்பதே எம் துணிபு. அது பின்னர் வந்தது. இலத்தீன் வழியாக ஒருமுறையும், ஆங்கிலத்தின் வழியாக மற்றொருமுறையும் வந்தது. எவ்வாயிலாக நுழைந்ததோ அவ்வாயிலின் அடையாளம் இன்றளவும் நம் கலைச்சொற்களின்மேற் படிந்து கிடக்கின்றது. அதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் வாயிலைத் திறந்தவர் தத்துவபோதகர் எனப் பெயர் பூண்ட இராபர்ட் தெ நொபிலி. 1577இல் பிறந்து, 1606இல் மதுரை எய்தி, 1656இல் மயிலாப்பூரில் மறைந்த இவ்வித்தாலியத் துறவி, அரிஸ்டாட்டிலின் கொள்கையினைத் தாமஸ் அக்குவினாசின் விளக்கத்தோடு இலத்தீனிற் கற்றவர். அவர் இயற்றிய ‘ஆத்தும நிர்ணயம்’ உயிரின் இயல்பினையும் ஆற்றல்களையும் ஆராய்கின்றது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் உயிரைப் பற்றித் தொடங்கிய ஆராய்ச்சியின் வழித்தோன்றல் அது. ஆதலின் அரிஸ்டாட்டில் மரபு தமிழ் உரைநடையிற் புகுந்தது பதினேழாம் நூற்றாண்டிலேயே என்க. 1960களில் இராசமாணிக்க அடிகளார் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வாயிலாக நொபிலியின் நூல்களைப் பதிப்பித்திராவிடின் இச்செய்தி நம்மிற் பலர்க்கு எட்டாதே போயிருக்கும்.

நொபிலியின் நடை வடசொல் மலிந்தது. அதனைக் குறையென்று ஒதுக்குவாரும் உளர். யாம் வேறொன்றினை எண்ணி வருந்துகின்றோம். உயிர்களைப் படிநிலையில் அடுக்கிக் காணும் முறை தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல் ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக வகுத்துக் காட்டுகின்றது. அரிஸ்டாட்டிலும் உண்டு வளர்தல், புலனால் உணர்தல், எண்ணுதல் என ஆற்றல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றார். புலன்களுள் ஊறே அடிப்படை என்பது அவர்க்கும் உடன்பாடு. ஆயின் புல்லும் மரமும் ஊற்றுணர்வுடையன என்பது தொல்காப்பியம். தாவரத்திற்கு உணவும் வளர்ச்சியுமே உள, உணர்வில்லை என்பது அரிஸ்டாட்டில். இவ்விரண்டனையும் அருகருகே நிறுத்தி வழக்காடியிருப்பின் தமிழில் ஓர் அரிய நூல் பிறந்திருக்கும். நொபிலியின் காலச்சூழல் அதற்கு இடந்தரவில்லை. அவர் எதிர்கொண்ட வாதம் மறுபிறப்புப் பற்றியது.

இரண்டாம் வாயில் ஆங்கிலக் கல்லூரி. 1837இல் ஒரு பள்ளியாகத் தொடங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி நூறாண்டுகள் நகரின் கடற்கரையை ஒட்டிய பகுதியிலேயே இயங்கியது. வில்லியம் மில்லரின் தலைமையில் அது தென்னாட்டின் முதன்மையான கல்லூரிகளுள் ஒன்றாயிற்று. அங்குப் பயின்ற சூரியநாராயண சாஸ்திரியார், நாம் பரிதிமாற் கலைஞர் எனப் போற்றுபவர், இளங்கலைத் தேர்வில் தமிழோடு தத்துவத்தையும் பாடமாகக் கொண்டு சிறந்து தேறினார். தத்துவம் கற்பிக்கும் தகுதியிருந்தும் தமிழாசிரியப் பணியினையே விரும்பி ஏற்றார். அவர் இயற்றிய ‘நாடகவியல்’ நம் மரபோடு வடமொழி, ஆங்கில நாடக மரபுகளையும் தழுவியது. 1902இல் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தினின்று தமிழை விலக்க முயற்சி நிகழ்ந்தபோது அதனை எதிர்த்தோருள் அவர் ஒருவர். தமிழை உயர்தனிச் செம்மொழியென அவர் நிறுவப் புகுந்தபோது, உடன் வைத்து எண்ணிய மொழிகள் வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனுமே. எனவே கிரேக்கம் அவர்க்கு அயலார் செல்வமாக மட்டும் தோன்றவில்லை. தமிழின் தகுதியை அளக்கும் கோலாகவும் பயன்பட்டது. அவர் 1903இல் முப்பத்து மூன்றாம் அகவையிற் காலமானார்.

அதனை அடுத்து ஓராண்டு அளவிலேயே அக்கல்லூரிக்கு இராதாகிருஷ்ணன் என்னும் மாணவர் வந்து சேர்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் காணும் வாய்ப்பு நூலிழையிற் தவறிற்று. இராதாகிருஷ்ணன் தத்துவத்தைத் தேர்ந்தது விரும்பியன்று. உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த பாடநூல்களை அளித்தமையின், புதுநூல் வாங்கும் வசதியில்லாத மாணவர் அப்பாடத்தினையே மேற்கொண்டார். அந்நூல்கள் ஸ்டவுட்டின் உளநூலும், வெல்ட்டனின் அளவைநூலும், மெக்கன்சியின் அறநூலும் ஆம். மூன்றும் பிரித்தானியர் எழுதியன. வெல்ட்டனின் அளவை அரிஸ்டாட்டில் வழிப்பட்டது. ஆகவே அந்நாளைய மாணவர் கிரேக்கரைக் கண்டது பெரும்பாலும் பிரித்தானியப் பாடநூலின் சாளரத்தினூடே. இந்தியத் தத்துவ முறைகளை அறிந்திருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் அந்நாளில் இல்லையென இராதாகிருஷ்ணனே பின்னர் எழுதியுள்ளார்.

அவருடைய ஆசிரியர் ஏ. ஜி. ஹாக், எடின்பரோவிற் பயின்று 1903இல் சென்னை வந்தவர். வினைக்கொள்கையை ஆராய்ந்து 1909இல் அவர் வெளியிட்ட நூல், எதிர்த்தரப்பின் கருத்தினை அதன் வலிமை குன்றாமல் எடுத்துரைத்துப் பின் வாதிடும் பண்பினாற் பெயர் பெற்றது. நம் நூலார் இதனைப் பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல் எனும் வகையில் அடக்குவர். வேதாந்தத்திற்கு அறநெறியிற் பிடிமானம் இல்லை என்ற அக்காலக் கண்டனத்திற்கு விடையாக இராதாகிருஷ்ணன் 1908இல் முதுகலை ஆய்வுரை எழுதினார். அது தம் சமயத்தின் நிலைப்பாட்டிற்கு மாறானதாயினும் ஹாக் அதனை மனமாரப் பாராட்டினார். இவ்விருவர் உறவிற் சாக்ரட்டீஸின் மரபு உயிரோடு இருந்தது என்றால் மிகையாகாது. பின்னர் ஆக்சுபோர்டிற் கீழைநாட்டுச் சமயப் பேராசிரியராய் அமர்ந்த இராதாகிருஷ்ணன், 1939இல் வெளியிட்ட ‘கீழைச் சமயங்களும் மேலைச் சிந்தனையும்’ என்னும் பொருள்படும் நூலில் ஆர்பியர், பித்தகோரஸ், பிளேட்டோ, பிளாட்டினஸ் ஆகியோரிடத்து இந்தியக் கருத்தின் சாயலைத் தேடினார். அத்தேட்டம் சிலவிடங்களில் சான்றின் எல்லையைக் கடந்து செல்கின்றது என்பது எம் கருத்து. ஒப்புமை வேறு, கடன் வேறு. எனினும் மெக்கன்சியையும் வெல்ட்டனையும் கையிற் பெற்றுத் தொடங்கிய மாணவர் அவ்வினாவினைத் திருப்பி மேலைநாட்டாரிடமே தொடுத்தார் என்னும் வரலாற்றுச் சிறப்பு அந்நூலுக்கு உண்டு.

1931இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. நகரின் நெருக்கடியினின்று விலகவேண்டிய கல்லூரி, ஹாக் முதல்வராயிருந்த காலத்தில், 1937இல், சேலையூர்க் காட்டினை ஒட்டிய 360 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பிற் குடியேறிற்று. அடுத்த ஆண்டு திசம்பரில் அனைத்துலகச் சமயப்பணி மன்றத்தின் பேரவை அவ்வளாகத்திலேயே கூடியது. தாம்பரம் என்னும் ஊர்ப்பெயர் உலகச் சமய வரலாற்றில் இடம் பெற்றது அதனாலேயே. ஒல்லாந்து நாட்டு ஹென்றிக் கிரேமர் முன்வைத்த கொள்கையினை ஹாக் ஏற்கவில்லை. அவ்வழக்கின் அடியிற் கிடந்த வினா கிரேக்கத் தத்துவத்தோடு தொடர்புடையது. பண்டைய அலெக்சாந்திரியக் கிளமெந்து முதலியோர் கிரேக்கத் தத்துவத்தைத் தம் சமயத்திற்கு வழிகோலிய ஆசானாகக் கொண்டனர். இந்திய மெய்ப்பொருளுக்கும் அவ்விடத்தை அளிக்கலாமா, கூடாதா? பிளேட்டோவைத் தேர்விற்கு மட்டும் படிக்கும் மாணவர்க்கு அவர் இறந்துபோன ஆசிரியர். 1938இல் தாம்பரத்தில் வழக்காடியவர்க்கோ அவர் ஒரு முன்னிலைச் சான்று. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையார் நடத்திய தத்துவக் கல்லூரி பின்னாளிற் சென்னைக்கு இடம்பெயர்ந்து, திருவான்மியூரில் சத்திய நிலையம் என்னும் பெயரோடு அமைந்தது. மயிலையில் மறைந்த நொபிலியின் சபையார் மரபு அந்நகரின் தென்புறத்திற்கே வந்து சேர்ந்ததனையும் ஈண்டுக் குறித்தல் தகும்.

இனிச் சொற்களுக்கு வருவாம். கல்லூரி வகுப்பிற்கு வெளியே கிரேக்கரைத் தமிழ்மக்களிடம் கொண்டு சேர்த்தவர் மொழிபெயர்ப்பாளரே. (1956இல் வந்த ‘ராஜா ராணி’ திரைப்படத்தில் மு. கருணாநிதி எழுதிய சாக்ரட்டீஸ் நாடகப் பகுதி, நூல்கள் எட்டாத சிற்றூர்களுக்கும் அப்பெயரைக் கொண்டு சென்றது. ஆய்விதழ்கள் இதனை எண்ணாது விடுதல் முறையன்று.) இராஜாஜி ‘சோக்ரதர்’ எழுதினார். பிளேட்டோவின் பொலிட்டையா என்னும் பெருநூலை வெ. சாமிநாத சர்மா ‘பிளேட்டோவின் அரசியல்’ எனத் தமிழாக்கினார். அதனையே பேராசிரியர் இராமானுஜாசாரி சாகித்திய அக்காதெமிக்காகக் ‘குடியரசு’ எனத் தந்தார். ஒரு நூலுக்கு இரு பெயர். இவற்றுள் எது பொருந்தும்?

பொலிட்டையா என்னும் கிரேக்கச் சொல் நகர அரசின் அமைப்பு முறை எனப் பொருள்படும். முடியாட்சியும் ஒரு பொலிட்டையாவே. உரோமர் அதற்குப் பொதுச்செல்வம் எனப் பொருள்படும் தம் சொல்லினை ஈடாக்கினர். ஆங்கிலர் அவ்விலத்தீனைத் தம்மொழிக்கேற்பத் திரித்தனர். அச்சொல் நாளடைவில் மன்னனில்லா ஆட்சி என்னும் பொருளிற் குறுகிற்று. குறுகிய அப்பொருளே ‘குடியரசு’ எனத் தமிழாயிற்று. மும்முறை கைமாறியதன் விளைவு யாதெனின், குடிகளின் ஆட்சியை ஐயுற்று, தத்துவர் ஆளவேண்டுமென வாதிட்ட நூலுக்குக் குடியரசு என்னும் பெயர் அமைந்தது! சர்மாவின் ‘அரசியல்’ இவ்விடரினின்று தப்பியது. திருக்குறட் பொருட்பாலின் முதல் இயலுக்கு உரையாசிரியர் கொண்ட பெயரும் அதுவே ஆதலின், அச்சொல் நம் மரபிலும் வேரூன்றியது. பேராசிரியரின் புலமையினை யாம் ஐயுறவில்லை. பழகிய ஆங்கிலப் பெயரின் ஆற்றல் அத்தகையது.

அந்நூலின் உயிர்நாடியான திக்கையோசினே என்னும் சொல் இதனினும் அரியது. ஆங்கிலவழி அது ‘நீதி’ ஆகின்றது. நீதி என்றவுடன் வழக்கு மன்றமே நம் கண்முன் நிற்கும். பிளேட்டோ கூறுவதோ, நகரத்தில் மூவகை மக்களும், உள்ளத்தில் மூவகைக் கூறுகளும், ஒன்றன் தொழிலில் ஒன்று தலையிடாது தத்தமக்குரியதனைச் செய்தல். நடுவுநிலைமை என்னலாமோ எனின், துலாக்கோலை உவமையாக்கும் அவ்வதிகாரம் இருவர்க்கிடையே கோடாமையைக் கூறுவதன்றி உறுப்புகளின் ஒழுங்கினைக் கூறுவதன்று. பரிமேலழகர் தம் உரைப்பாயிரத்தில் அறத்தினை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாக்குகின்றார். ‘நீதி’ என்னும் மொழிபெயர்ப்பு இவற்றுள் வழக்கினையும் தண்டத்தினையும் மட்டுமே சுட்டும். பிளேட்டோ கருதியதோ முதலாவதற்கு அணித்தானது. அவரவர் நிலைக்குரியதனின் வழுவாமையே ஒழுக்கமெனப் பரிமேலழகர் விளக்குகின்றார். இவ்வொப்புமை வியப்பளிப்பது.

ஆனால் ஈண்டு நின்று கருதல் வேண்டும். பரிமேலழகரின் நிலை வருணத்தாற் பிறப்பொடு வருவது. பிளேட்டோவோ, பொன்னிற் பிறந்த மகவு செம்பாயின் தாழ்த்துக, செம்பிற் பிறந்தது பொன்னாயின் உயர்த்துக என ஆள்வோர்க்கு ஆணையிடுகின்றார். பிறப்பினை அளவாகக் கொள்ளாமையில் அவர் பரிமேலழகரைவிட வள்ளுவரின் 972ஆம் குறளுக்கு நெருங்கியவர். மக்களைத் தொழிலால் மூவகையாக நிறுத்துதலில் வள்ளுவரை விட்டு விலகியவர். இவ்வேறுபாட்டினை ‘நீதி’ என்னும் ஒரு சொல்லிற் கேட்கவே இயலாது. மாணவர் பிளேட்டோவை ஆங்கிலத்திற் படித்துத் தமிழில் விடை எழுதும்போது இழப்பது இதுவே.

அரிஸ்டாட்டிலின் யூடைமோனியா ஆங்கிலத்தின்வழி ‘இன்பம்’ அல்லது ‘மகிழ்ச்சி’ என வருகின்றது. இது பெரும்பிழை. அவர்க்கு அது ஓர் உணர்ச்சியன்று. முழு வாழ்நாளும் சிறந்த பண்பிற்கேற்ப உயிர் செயற்படுதல். ‘நல்வாழ்வு’ என்னும் எளிய சொல்லே போதும். மாறாக, ஆங்கிலத்தினும் தமிழ் கிரேக்கத்தை அணுகிய இடமும் ஒன்றுண்டு. உரோமப் பேரரசர் மார்க்கஸ் அரீலியஸ் தம் ஸ்டோயிக் எண்ணங்களைக் கிரேக்க மொழியில் எழுதிவைத்தார். அத்தொகுதிக்கு வழங்கும் கிரேக்கத் தலைப்பு ‘தனக்குத்தானே’ எனப் பொருள்படும். ஆங்கிலத் தலைப்பு தியானம் எனும் சாயலுடையது. இராஜாஜி தம் தமிழாக்கத்திற்கு ‘ஆத்ம சிந்தனை’ எனப் பெயரிட்டார். வேதாந்த மணம் கமழ்கின்றதென இதனைக் குறைகூறுவாரும் இருக்கலாம். ஆனால் வடமொழியில் ஆத்மன் என்பது ‘தான்’ என்னும் தற்சுட்டுப் பெயராகவும் வழங்கும். தன்னோடு தான் எண்ணுதல் என்று கொள்ளின், கிரேக்கத் தலைப்பிற்கு ஆங்கிலத்தினும் இது நெருங்கிற்று. கருதிச் செய்ததோ தானே அமைந்ததோ, நற்பேறே. சங்கப் பாடலின் உலகப் பொதுமையை ஸ்டோயிக்கரின் கொள்கையோடு ஒப்பவைத்த தனிநாயக அடிகளார், கிரேக்க இலத்தீன் மொழிகளின் பயிற்சியோடு அதனைச் செய்தமையாலேயே அவர் ஒப்பீட்டில் உறுதி காண்கின்றோம்.

அளவைநூல் பற்றி ஒன்று கூறல் எஞ்சியுள்ளது. வெல்ட்டனின் வாயிலாக அரிஸ்டாட்டிலின் அளவையைச் சென்னை மாணவர் நெட்டுருச் செய்த காலத்தில், மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை, உ. வே. சாமிநாதையர் 1898இல் வெளியிட்ட பதிப்பில், அச்சேறிக் கையெட்டும் இடத்திலேயே இருந்தது. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்துறுப்பினையும், பின்னிரண்டும் திட்டாந்தத்தில் அடங்குமாற்றினையும், போலிகளின் வகையினையும் தமிழ்ச் செய்யுளில் அது கூறுகின்றது. இந்திய அளவை அரிஸ்டாட்டிலுக்குக் கடன்பட்டதென வங்கத்துச் சதீச சந்திர வித்தியாபூஷணர் வாதிட்டார். உறுப்பின் எண்ணிக்கை சுருங்கி மூன்றானதனை மட்டும் கொண்டு அங்ஙனம் துணிதல் எமக்கு உடன்பாடன்று. அரிஸ்டாட்டிலின் முறையில் மனிதர் யாவரும் இறப்பர் என்னும் பொதுவிதி நின்றாற் போதும். சான்றாக ஒருவரைச் சுட்டிக் காட்ட வேண்டுவதில்லை. நம் நூலாரோ மலையிற் புகை கண்டு நெருப்புண்டு என்று கூறியபின், புகையும் நெருப்பும் ஒருங்கிருந்த அடுக்களையைக் காட்டுவர். அதனோடு அமையாது, நெருப்பும் புகையும் இல்லாத நீர்நிலையினையும் எதிர்மறையாகக் காட்டுவர். கேட்போன் கண்ணாற் கண்டறிந்த ஓர் இடம் அவர்க்கு வேண்டும்.